போல்பூர் மரத்தடியும் நம் வீட்டு சோஷியல் பாடமும்

நம் வீடுகளில் பாடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் அதே வரிசைதான். முதலில் கணக்கு, அடுத்தது விஞ்ஞானம், பிறகு இங்கிலீஷ். வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு அதற்கப்புறம் இந்தி, அதற்கும் அப்புறம் அந்த ஊர் மொழி, ஞாயிற்றுக்கிழமை நேரமிருந்தால் கொஞ்சம் தமிழ். இத்தனையும் முடிந்து, பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும்: "சோஷியல் படிச்சாச்சா?"

சரித்திரம், புவியியல், குடிமையியல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'சோஷியல்' என்று பேர் வைத்தாயிற்று. டியூஷன்கூட வைக்கத் தோன்றாத பாடம். படித்தால் மார்க்கு, மறந்தால் நஷ்டமில்லை.

நூறு வருஷத்துக்கு முன்பு ஒருவர் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தார். பத்திலிருந்து பதினான்கு வயசுப் பையன்களுக்குக் கதை, பாட்டு, நாடகம், சரித்திரம், பக்கத்து ஊர் மனிதர்கள் இவையெல்லாம் ஓரத்துப் பாடங்கள் அல்ல, நடுப்பாடங்கள் என்று சொல்லி, சொந்தக் காசில் ஒரு பள்ளிக்கூடமும் நடத்தினார். ரவீந்திரநாத தாகூர். பள்ளிக்கூடம், சாந்திநிகேதன்.

அடியேன் சரித்திரம் படித்தவன் அல்ல, பி.காம். வங்கி உத்தியோகத்தில் ஊர் ஊராகச் சுற்றியதில் சில வருஷம் பீர்பூம் மாவட்டத்துக் கிளை ஒன்றில் இருந்தேன். போல்பூர் பக்கம். புதன்கிழமை விடுமுறை விடுகிற பள்ளிக்கூடம் ஒன்று உண்டு என்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது. அப்போது பிடித்த ஆர்வம் கொல்கத்தா வந்த பிறகும் விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்ததில் சேர்ந்த சங்கதிதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியவர்

தாகூர் பள்ளிப் படிப்பில் தேறியவர் இல்லை. ஓரியண்டல் செமினரி, நார்மல் ஸ்கூல், பெங்கால் அகாடமி, செயிண்ட் சேவியர்ஸ் என்று வரிசையாகச் சேர்த்துப் பார்த்தார்கள். எதிலும் நிற்கவில்லை. நார்மல் ஸ்கூலில் தினமும் வகுப்பு தொடங்கும் முன் பையன்கள் ஒரு இங்கிலீஷ் பாட்டைக் கோரஸாகப் பாட வேண்டுமாம். யாருக்கும் அர்த்தம் தெரியாது. பாடிப்பாடி வார்த்தைகள் உருத்தெரியாமல் போய்விட்டன. அது என்ன பாட்டாக இருந்திருக்கும் என்று வயசான பிறகு உட்கார்ந்து யோசித்ததைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நமக்கும் இப்படி ஒன்றிரண்டு பாட்டு ஞாபகம் இருக்கும் :-)

1901 டிசம்பர் 22-ஆம் தேதி, போல்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அவருடைய அப்பா தேவேந்திரநாத் தியானத்துக்காக அமைத்த ஆசிரமத்தில் பள்ளிக்கூடம் ஆரம்பமானது. மாணவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவன் அவருடைய மூத்த மகன் ரதீந்திரநாத். பழைய குருகுலம் மாதிரி நடத்த வேண்டும் என்று ஆசை. ஆனால் கூட நின்று ஆரம்பித்து வைத்த பிரம்மபாந்தவ் உபாத்யாயும் ரேவாசந்தும் கிறிஸ்துவர்கள்! வங்காளத்தில் இப்படித்தான், ஒரு வரியில் எதையும் சொல்லி முடிக்க முடியாது.

ஆரம்பத்தில் சம்பளம் வாங்கவில்லை. சாப்பாடு, தங்கல் எல்லாம் பள்ளிக்கூடச் செலவு. நடத்த முடியுமா? பூரியில் இருந்த வீட்டை விற்றார். மனைவி மிருணாளினி தேவியின் நகைகள் போயின. பையன்களுக்குச் சமைப்பதைக் கவனித்துக்கொண்ட அந்த அம்மாளும் 1902 நவம்பரில் காலமானார். பிறகு சம்பளம் வாங்க ஆரம்பித்தார்கள். அப்படியும் வரவு செலவு ஒரு வருஷமும் நேராகவில்லை.

இந்த இடத்தில் வங்கிக்காரன் ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியாது. 1913-இல் நோபல் பரிசு வந்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதியை, தங்கள் ஜமீன் இருந்த பதிசரில் விவசாயிகளுக்குக் கடன் கொடுக்க அவரே ஏற்படுத்தியிருந்த கிருஷி பேங்கில் போட்டார். விவசாயிக்குக் கந்துவட்டிக்காரனிடமிருந்து விடுதலை; வட்டி பள்ளிக்கூடத்துக்கு. ஒரே முதலில் இரண்டு காரியம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் விளைச்சல் பொய்த்தால் கடன் என்னாகும் என்று கிராமக் கிளையில் இருந்தவனுக்குத் தெரியும். 1930-களில் கடன் நிவாரணச் சட்டங்களும் வந்த பிறகு அசல் திரும்பவில்லை. நோபல் பரிசே வாராக்கடனாகப் போனது உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அன்றைய ஆசிரியர் பட்டியலைப் பார்த்தால் இன்றைய தனியார் பள்ளி ஒன்றுகூட நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடாது.

ஹரிசரண் பந்தோபாத்யாய் அதே பதிசரில் ஜமீன் கச்சேரி குமாஸ்தா. பகலில் கணக்கு, ராத்திரியில் சமஸ்கிருதம். விசாரித்துத் தெரிந்துகொண்ட தாகூர் அவரைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்துக்கொண்டார். அவர்தான் பிற்பாடு தனி மனிதராக உட்கார்ந்து பெரிய வங்காள அகராதியைத் தொகுத்தவர். 1905 வாக்கில் ஆரம்பித்த வேலை அச்சாகி முடிய நாற்பது வருஷம் பிடித்தது. பேரேட்டோடு மல்லுக்கட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு அவர் ஒரு ஆறுதல்.

பிரபாத் குமார் முகோபாத்யாய் 1909-இல் சின்ன வயசில் வந்தார். பெரிய பட்டம் எதுவும் கிடையாது. பாடம் எடுத்தார், நூலகத்தைக் கட்டினார், கடைசியில் தாகூரின் வாழ்க்கை வரலாற்றை நான்கு பாகமாக எழுதினார். க்ஷிதிமோகன் சென் 1908-இல் வந்தார். கிராமம் கிராமமாக அலைந்து கபீர், தாதூ பாடல்களையும் பாவுல் பாட்டுக்களையும் பாடுகிறவர்கள் வாயிலிருந்தே சேகரித்தவர்.

எனக்கு மிகவும் பிடித்தவர் சதீஷ் சந்திர ராய். பி.ஏ. பரீட்சையை விட்டுவிட்டு வந்த இளைஞர். கொஞ்ச காலம்தான் இருந்தார். 1904 பிப்ரவரியில் பெரியம்மை வந்து இறந்தபோது வயசு 22 தான். அவர் பாடம் எடுத்த விதத்தைத் தாகூர் பிற்பாடு ஒரு சொற்பொழிவில் நினைவுகூர்கிறார். தனக்கு எது பிடித்திருக்கிறதோ அதைப் பையன்களிடம் படித்துக் காட்டுவாராம். இது அவர்கள் வயசுக்குப் புரியுமா என்ற பயமே அவருக்குக் கிடையாதாம். வரிக்கு வரி புரிய வேண்டியதில்லை, மனசு விழித்துக்கொண்டால் போதும் என்பது அவர் கட்சி.

நடுநிலைப் பள்ளி வயசு என்பது சரியாக அந்த வயசுதான். பாதி புரியும், பாதி புரியாது. புரியாத பாதிதான் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். நாமோ புரியாத பாதிக்கு கைடு வாங்கிக் கொடுத்து விஷயத்தை முடித்துவிடுகிறோம்.

புயலும் வீடும்

பள்ளிக்கூடம் ஆரம்பித்த சில மாதத்தில், 1902-இல், 'பங்கதர்ஷன்' பத்திரிகையில் தாகூர் 'பாரதவர்ஷத்தின் இதிகாசம்' என்று ஒரு கட்டுரை எழுதினார். சரித்திரப் பாடம் பற்றி இத்தனை வருஷத்தில் நான் படித்ததில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

அதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். பரீட்சைக்காக நாம் மனப்பாடம் செய்கிற இந்திய சரித்திரம், நடுராத்திரியில் கண்ட கெட்ட கனவு மாதிரி இருக்கிறது. யாரோ வந்தார்கள், வெட்டினார்கள், அப்பாவும் பிள்ளையும் சிம்மாசனத்துக்குச் சண்டை போட்டார்கள், ஒரு கூட்டம் போனது, இன்னொரு கூட்டம் வந்தது. சரி, அத்தனை நாளும் இந்த ஊர் ஜனங்கள் எங்கே இருந்தார்கள்? புயலடிக்கிற நாளில் புயல் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். அன்றைக்கும் வீடுகளுக்குள்ளே குழந்தை பிறக்கிறது, யாரோ சாகிறார்கள், உலை கொதிக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குப் புழுதிதான் கண்ணில் படும். வீட்டுக்குள் இருப்பவனுக்கு வீடுதான் முக்கியம். அந்தப் போர்களின் காலத்தில்தானே கபீரும் நானக்கும் சைதன்யரும் துக்காராமும் வந்தார்கள், அவர்களைப் பற்றி ஏன் பேச்சே இல்லை என்று கேட்கிறார்.

இது வெறும் கட்டுரையாக நிற்கவில்லை என்பதுதான் விசேஷம். க்ஷிதிமோகன் சேகரித்த கபீர் பாடல்கள் அச்சாக ஆரம்பித்தது 1910 வாக்கில். அதிலிருந்து தேர்ந்தெடுத்து தாகூர் செய்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பைப் பிற்பாடு உலகமே படித்தது. நெசவாளி ஒருவர் பாடியது சரித்திரமா, இலக்கியமா, மதமா? பாடத்திட்டத்தில் அதற்கு மூன்று பீரியடு, மூன்று புத்தகம். பையனுக்கு அது ஒரே விஷயம்தான்.

எங்கள் வீட்டில் வந்த ஒரு கேள்வியை இங்கே சொல்ல வேண்டும். பெண் ஏழாம் வகுப்பு, கொல்கத்தாவில் ஒரு தனியார் பள்ளி. இது அவளுக்கு நான்காவது பள்ளிக்கூடம், மூன்றாவது மாநிலம். ஒருநாள் கேட்டாள்: "அப்பா, பாலர்கள் நம்ம சரித்திரமா, சோழர்கள் நம்ம சரித்திரமா? ரெண்டுல எதை நல்லாப் படிக்கணும்?"

சிரிக்க வேண்டாம். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் எல்லாருடைய கேள்வியும் இதுதான். கேட்கிறவர்கள் குறைவு, அவ்வளவுதான். அவர்களுக்குத் தமிழ்நாட்டு சரித்திரம் தாத்தா பாட்டி ஊருக்கு லீவில் போகும்போது பார்க்கிற கோயில். இருக்கிற ஊரின் சரித்திரமோ 'அவங்களுது'. இரண்டுமே தன்னுடையதில்லை என்று ஆகிவிட்டால் மிஞ்சுவது மார்க்கு மட்டும்.

நான் திருமலைக் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். போளூர் பக்கத்தில் இருக்கும் சமண மலை அது. 11-ஆம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழனின் படை வடக்கே கங்கை வரை போன கதை அதில் இருக்கிறது. தோற்றவர்கள் பட்டியலில் மகிபாலன் பெயர் வருகிறது. அவன் பால வம்சத்து அரசன். தக்கண லாடம், உத்தர லாடம் என்று அதில் வரும் நாடுகள் இன்றைய மேற்கு வங்காளத்தின் ராட் பகுதி. போல்பூர் செம்மண்ணும் அந்த ராட் பகுதியில்தான் சேர்த்தி. நமக்கு அது 'கங்கை கொண்டான்' என்ற பெருமை. இங்கே அன்றைக்கு வீட்டுக்குள் இருந்தவனுக்கு அது தெற்கிலிருந்து வந்த புயல். இரண்டும் உண்மை. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ என் ஃபிரண்டு வீட்டுல இதை எப்படிச் சொல்லுவாங்க?" என்றாள். பாடம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. நான் அதற்குப் பதில் சொல்லவில்லை, போய்க் கேட்டுவரச் சொன்னேன்.

நாடகம், கோர்ட், சமையல்

சாந்திநிகேதனில் இதெல்லாம் நடந்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சூரியன் வருவதற்கு முன் பாட்டோடு எழுப்புவார்கள். அறையை அவரவர்தான் பெருக்க வேண்டும். குளியல், கொஞ்ச நேரம் மௌனம், பிறகு வகுப்பு. ஆளுக்கொரு ஆசனத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போக வேண்டியது. மழை வந்தால் தாழ்வாரம். சாயங்காலம் விளையாட்டு, அதற்குப் பிறகு கதை, பாட்டு, நாடக ஒத்திகை. ஜகதானந்த ராய் டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு நட்சத்திரம் காட்டுவார். அடி கிடையாது. தப்பு செய்தால் விசாரிக்கப் பையன்களே நடத்தும் கோர்ட். கையெழுத்துப் பத்திரிகைகள் நடத்தினார்கள். எழுத்தும் படமும் அவர்களுடையதே. பக்கத்து கிராமத்துப் பிள்ளைகளுக்கு இரவு வகுப்பு எடுத்தார்கள். சந்தால் கிராமங்களுக்கு பியர்சன் என்ற இங்கிலீஷ்கார ஆசிரியர் போய்வந்தார். இன்றும் அங்கே அவர் பெயரில் பியர்சன் பள்ளி என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. (வங்காளத்தில் 'பள்ளி' என்றால் குடியிருப்பு. நம் 'திருச்சிராப்பள்ளி' மாதிரி.)

பையன்கள் நடிப்பதற்காகவே தாகூர் நாடகம் எழுதினார். 1908-இல் 'சாரதோத்சவ்'. பூஜா லீவு விட்டாயிற்று, பிள்ளைகள் எல்லாம் கூத்தாடிக்கொண்டிருக்கிறார்கள். உபநந்தன் என்ற ஒரு பையன் மட்டும் உட்கார்ந்து சுவடி எழுதிக்கொண்டிருக்கிறான். இறந்துபோன அவன் குருவுக்கு ஒரு கடன் பாக்கி. அதை உழைத்து அடைத்துக்கொண்டிருக்கிறான். சன்னியாசி வேஷத்தில் வரும் ராஜா அவனைப் பார்த்து, இவன்தான் உண்மையான பண்டிகை கொண்டாடுகிறான் என்று கூடவே உட்கார்ந்துவிடுகிறார். கடன் அடைப்பதை இவ்வளவு சந்தோஷமாக எழுதிய நாடகம் வேறு நான் பார்த்ததில்லை. எங்கள் வட்டார அலுவலகத்தில் போடலாம்.

1912-இல் புத்தகமாக வந்த 'அசலாயதன்' அதைவிடக் காரமானது. சட்டதிட்டங்களால் இறுகிப்போன ஒரு கல்விக்கூடம். வடக்குப் பக்கத்து ஜன்னலைத் திறப்பது மகாபாவம். சுபத்ரன் என்கிற சின்னப் பையன் திறந்துவிடுகிறான். அவ்வளவுதான், பிராயச்சித்தம் என்ன என்று பெரிய ஆராய்ச்சி. கடைசியில் எல்லாரும் எதிர்பார்த்திருந்த குருவே வந்து மதிலை இடிக்கிறார். ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறவரே பள்ளிக்கூடத்தைப் பற்றி இப்படி ஒரு நாடகம் எழுதுகிறார் என்றால் பாருங்கள்.

அவருக்கும் ஒரு வடக்கு ஜன்னல் இருந்தது. முதல் வருஷத்தில், பிராமணரல்லாத ஆசிரியர் ஒருவரின் காலைத் தொட்டுப் பிராமணப் பையன்கள் வணங்கலாமா என்று பிரச்சினை வந்தது. தாகூர் அப்போது வழக்கத்தின் பக்கம்தான் நின்றார்; கைகூப்பினால் போதும் என்றார். பத்து வருஷத்தில் 'அசலாயதன்' எழுதுகிற இடத்துக்கு அவரே வந்து சேர்ந்திருக்கிறார். சொல்லிக்கொடுக்கிறவரும் அங்கே படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

1914 கடைசியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்தியின் ஃபீனிக்ஸ் ஆசிரமத்துப் பிள்ளைகள் வந்து தங்கினார்கள். காந்தியும் வந்தார். சமையல்காரர், வேலைக்காரர் எதற்கு, நீங்களே செய்யுங்கள் என்றார். 1915 மார்ச் 10 முதல் மாணவர்களும் ஆசிரியர்களும் சமைத்தார்கள், பாத்திரம் தேய்த்தார்கள், கழிவறை கழுவினார்கள். அந்த ஏற்பாடு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் மார்ச் 10-ஆம் தேதி வேலையாட்களுக்கு விடுமுறை கொடுத்து மற்றவர்கள் அந்த வேலைகளைச் செய்வது வழக்கமாகிவிட்டது. குடிமையியல் பாடத்தில் 'உழைப்பின் மேன்மை' என்று ஐந்து மார்க் கேள்வி வருமே, அதற்கு இதைவிட நல்ல விடை எது?

தோற்ற இடம்

இவ்வளவும் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். 'எல்லாம் சரி சார், பரீட்சை?'

அங்கேயும் அதே கேள்விதான் வந்தது. 1904-லேயே ரதீந்திரநாத் கல்கத்தா பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. பிறகு மெட்ரிகுலேஷன். கீழ் வகுப்பில் கதையும் நாடகமுமாக இருக்கிற பையன், மேல் வகுப்புக்கு வந்ததும் பாடப்புத்தகத்துக்குள் போக வேண்டியிருந்தது. அனுப்பி வைத்த பெற்றோர் கேட்டது அதைத்தான். பெரும்பாலும் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள், பையன் உத்தியோகத்துக்குப் போயாக வேண்டும்.

இதில் சர்க்காரும் சேர்ந்துகொண்டது. 1911 வாக்கில் அன்றைய கிழக்கு வங்காளம்-அஸ்ஸாம் அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சாந்திநிகேதன் பள்ளி அரசு ஊழியர்களின் பிள்ளைகள் படிக்கத் தகுந்த இடமல்ல என்று. சுதேசி இயக்க காலம், அரசாங்கத்துக்குச் சந்தேகம். பல பெற்றோர் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டு போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சுற்றறிக்கை என்றால் என்ன என்று உத்தியோகஸ்தனுக்குத் தெரியும். ஆனால் நடு வகுப்பில் திடீரென்று பெட்டி கட்டச் சொன்ன அந்தப் பையன்களை நினைத்துப் பார்க்கிறேன். மாற்றல் உத்தரவு வரும்போது நம் பிள்ளைகள் முகம் எப்படி ஆகும் என்று நமக்குத் தெரியும்தானே.

தாகூருக்கு இது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. 1918-இல் 'தோத்தா காஹினி' என்று ஒரு கிளிக் கதை எழுதினார். ராஜா ஒருவர் கிளிக்குக் கல்வி கொடுக்க ஆசைப்படுகிறார். தங்கக் கூண்டு வருகிறது, பண்டிதர்கள் வருகிறார்கள், புத்தகத் தாள்களைக் கிளியின் தொண்டையில் திணிக்கிறார்கள். சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் நல்ல வருமானம். கிளி மட்டும் செத்துப்போகிறது.

1921-இல் விஸ்வபாரதி வந்தது. 1924-இல் அவர் இன்னொரு சின்னப் பள்ளியை ஆரம்பித்தார், பெயர் சிக்ஷா சத்ரா. கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கு. சில வருஷத்தில் அது பக்கத்திலிருக்கும் ஸ்ரீநிகேதனுக்குப் போனது. ஏன் இன்னொரு பள்ளி? முதல் பள்ளியில் பெற்றோரின் பரீட்சை ஆசை குறுக்கே நின்றது. மார்க்கு கேட்க யாருமில்லாத பிள்ளைகளை வைத்துத்தான் நினைத்ததைச் செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பணம் இல்லாமல் இருந்ததையும் சர்க்கார் சந்தேகத்தையும் தாண்டிய மனிதர், நம்மைத் தாண்ட முடியவில்லை.

அந்த விதை நம் பக்கமும் வந்தது என்பது இன்னொரு கதை. யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம் தாகூரின் செயலாளராக இருந்தவர். 1930-இல் அவரோடு ரஷ்யாவுக்கும் போய்வந்தார். அவரும் மனைவி ஆஷா தேவியும் பிற்பாடு வார்தா போய், காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டத்தைத் தோளில் சுமந்தார்கள். சாந்திநிகேதனில் படித்த ஜி. ராமச்சந்திரனும் டாக்டர் சௌந்தரம் அம்மாளும் சேர்ந்து 1947-இல் திண்டுக்கல் பக்கம் ஆரம்பித்ததுதான் காந்திகிராமம். மதுரைப் பக்கத்துக்காரர்கள் பலருக்கு இது தெரிந்திருக்கும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

மரத்தடி வகுப்பு இன்றும் நடக்கிறது. பழைய பள்ளி பாட பவன் என்ற பெயரில், 1951-இல் மத்தியப் பல்கலைக்கழகமான விஸ்வபாரதிக்குக் கீழே இருக்கிறது. 2023-இல் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. க்ஷிதிமோகனின் பேரன் அமர்த்தியா சென் 1941 முதல் பத்து வருஷம் அங்கே படித்தவர். கூடப் படித்த ஒரு பெண்ணைப் பற்றி ஆசிரியர் ஒருவர், மார்க்கு நிறைய வாங்கினாலும் அவள் நன்றாக யோசிக்கிறவள் என்று சொன்னதை அவர் எழுதியிருக்கிறார். அந்த 'வாங்கினாலும்' எனக்கு ரொம்பப் பிடித்தது.

நம்மால் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. பள்ளிக்கூடத்தை மாற்றவும் முடியாது. பரீட்சை வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. ஆனால் சாந்திநிகேதன் கதை சொல்வது ஒன்றுதான்: அந்தப் படிப்பைத் தடுத்தது பிள்ளைகளின் வயசு அல்ல, பாடத்தின் கஷ்டமும் அல்ல. வீட்டில் அதற்கு மதிப்பில்லை என்பதுதான். அது மட்டும் நம் கையில் இருக்கிறது.

நாங்கள் செய்து பார்க்கிற சின்னக் காரியங்களைச் சொல்கிறேன். எங்கள் அடுக்குமாடியில் கீழ் வீட்டுப் பாட்டி 1950-இல் பாரிசாலிலிருந்து அகதியாக வந்தவர். பிரிவினை பாடம் வந்தபோது பெண்ணை அங்கே அனுப்பினோம். வரும்போது என்ன எடுத்து வந்தீர்கள், எதை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று இரண்டு கேள்விதான். இரண்டு மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்து, "நம்ம தாத்தா ஏன்பா ஊரை விட்டு வந்தார்?" என்று கேட்டாள். அதற்குப் பதிலாகத் தாத்தாவுக்கே போன் போட்டுக் கொடுத்தேன். இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். யார் எங்கிருந்து எந்த வருஷம் கிளம்பினார்கள், ஏன் என்று. லேக் மார்க்கெட்டில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரரும் அதில் இருக்கிறார். மாநிலம் மாறினாலும் அந்த நோட்டு அவளோடு வரும், டி.சி. தேவையில்லை.

அகமதாபாத், புனே, போபால், டெல்லி, எங்கே இருந்தாலும் உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பாட்டி இருப்பார். பிள்ளையை அனுப்பிப் பாருங்கள். மொழி அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, சதீஷ் சந்திர ராய் சொன்னது போல எல்லாம் புரிய வேண்டியதில்லை.

ஸ்ரீநிகேதனைப் பற்றியும் அதன் கிராமக் கடன் சங்கங்கள் பற்றியும் தனியாக எழுத ஆசை. மார்ச் கணக்கு முடியட்டும், பார்க்கலாம்.